தட்டில் மாற வேண்டிய விகிதம்

மும்பைத் தமிழரிடையே உடற்பருமன் பற்றிய பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் முன்வைக்கப்படுகின்றன. இட்லியும் பொங்கலும் தீங்கற்றவை, வடாபாவே கெடுதல் என்பது ஒன்று. அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்பது மற்றொன்று. இரண்டையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. மாற வேண்டியது உணவின் பெயரன்று. தட்டில் உள்ள விகிதமே.

எடைக்கருவி காட்டும் எண்ணோடு நிறைவடைவதும் சரியன்று. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடல் அளவுகளையே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே. ஆயினும் உடற்கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றமுடைய இந்தியருக்கும் கொழுப்பு மிகுந்திருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது. எனவே இடுப்பளவையும் அளந்து பார்த்தல் வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் நமக்குரிய வரம்புகள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, 10.1 கோடி இந்தியர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023இல் மதிப்பிட்டது. அதன் உணவு குறித்த பகுதி 2025இல் வெளியாயிற்று. நாம் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும் 12 விழுக்காடு மட்டுமே புரதத்திலிருந்தும் வருகின்றன. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தால் ஈடுசெய்வோருக்கே அபாயம் குறைவு.

தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முன்னோர் உண்ட சோறு, கடும் உழைப்பில் செலவாயிற்று. இன்று செம்பூரிலிருந்து புறப்பட்டு, அலுவலக நாற்காலியில் பகல் முழுதும் அமர்ந்திருப்பவரின் தட்டிலும் சோறே மலையாக நிற்கிறது. செலவாகாத மிகுதி வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பாகத் தங்கிவிடுகிறது.

தீர்வு நம் சமையலிலேயே உள்ளது. மாட்டுங்கா சந்தையில் வாழைத்தண்டும் வாழைப்பூவும் முருங்கைக்கீரையும் கிடைக்கின்றன. தட்டின் பாதியைக் காய்கறிக்கும், கால் பகுதியைப் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீனுக்கும், எஞ்சிய கால் பகுதியை மட்டும் சோற்றுக்கும் ஒதுக்கலாம். நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் கெட்டியான சாம்பாரும் போதும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின்னரே சோற்றைக் குறைத்தல் நன்று. இல்லையேல் சர்க்கரை அளவு திடீரெனத் தாழக்கூடும்.

எனினும் இதனைத் தனிமனிதரின் மனவுறுதி பற்றிய பிரச்சினையாக மட்டும் கருதலாகாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம். பருப்பு அவ்வுரிமையில் இல்லை. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளிலோ துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. அத்தகைய ஏற்பாடு நாடெங்கும் வருமாயின், செம்பூரின் அடுக்ககத்தில் இயலும் மாற்றம் தாராவியின் ஓரறை வீட்டிலும் இயலும். மலிவாகக் கிடைப்பது மாவுச்சத்து மட்டுமே என்னும் நிலையில், 'அளவோடு உண்க' என்று ஏழைக்கு அறிவுரை கூறுவது போதாது.