பரிவு பணக்காரப் பிள்ளைக்கு மட்டும்தானா?

பள்ளிக்கூட விளையாட்டு விழா நாளில் நம் பிள்ளைகள் நான்கு வண்ணப் பனியன்களில் அணிவகுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். சிவப்பு இல்லம், நீல இல்லம், பச்சை இல்லம், மஞ்சள் இல்லம் என்று அவற்றுக்குப் பெயர். பனியனுக்குப் பணம் கேட்டுச் சீட்டு வரும். ஆலைத் தொழிலாளி தன் கூலியிலிருந்து எண்ணிக் கொடுப்பார். விழா முடிந்த மறுநாள் அந்த 'இல்லம்' மறைந்து போகும். பனியன் மட்டும் மிஞ்சும்.

இந்த 'இல்லம்' எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அது பனியனின் நிறமல்ல. சுவரும் கூரையும் கொண்ட உண்மையான வீடு. அந்த வீட்டுக்குள் நடப்பது என்ன, அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள், அதில் நாம் கற்க வேண்டியது எது, தள்ள வேண்டியது எது என்பதை உழைக்கும் மக்கள் அறிந்து கொள்வது அவசியம்.

இங்கிலாந்தில் பிரபுக்களின் பிள்ளைகளும் பெரும் பணக்காரர்களின் பிள்ளைகளும் படிக்கிற கட்டணப் பள்ளிகளுக்குச் 'சுயேச்சைப் பள்ளிகள்' என்று பெயர். அவற்றில் பழமையானவற்றை 'பப்ளிக் ஸ்கூல்' என்றும் சொல்வார்கள். பெயரைப் பார்த்துப் பொதுமக்கள் பள்ளி என்று யாரும் ஏமாற வேண்டாம்! சர்க்காரிடமிருந்து சுயேச்சை, பணத்திடமிருந்து சுயேச்சை அல்ல.

இவற்றில் பேர் பெற்றது ஈட்டன். 1,300 மாணவர்களுக்கு மேல் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். ஒரு வீட்டுக்குச் சுமார் 50 பேர் என்று அவர்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு வீட்டு ஆசிரியர். அவர் அங்கேயே குடியிருக்கிறார். உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க ஓர் அம்மாள். படிப்பைக் கவனிக்கத் தனி ஆசிரியர். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் கேட்பதற்கு ஆள் உண்டு. வீட்டு நினைவில் அழுதால் கூப்பிட்டுப் பேச ஆள் உண்டு.

இந்தக் கவனிப்புக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் 'மேய்ப்பனின் கவனிப்பு' என்பதாகும். தேவாலயத்திலிருந்து வந்த சொல் அது. ஆடு மேய்த்துப் பழகிய நம் கிராமத்துத் தோழர்களைக் கேளுங்கள். ஒரு மேய்ப்பன் தன் மந்தையில் எந்த ஆடு நொண்டுகிறது, எது மேயாமல் நிற்கிறது என்பதைப் பார்த்தவுடன் சொல்வான். மந்தை கை மீறிப் பெருத்துவிட்டால்? தலையை எண்ணிக் கிடையில் அடைக்கத்தான் அவனுக்கு நேரம் இருக்கும். மனம் மட்டும் போதாது. எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் கதை அதுதான். சுயேச்சைப் பள்ளிகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். சர்க்கார் பள்ளிகளிலோ ஏறத்தாழ 18 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அங்குள்ள சர்க்கார் பள்ளி ஆசிரியருக்கு அன்பு குறைவா? இல்லை. அவருக்குக் கைகள் இரண்டுதான்.

எழுபது ஏழைகள் எங்கே?

ஈட்டனை 1440-ம் ஆண்டில் ஆறாம் ஹென்றி மன்னர் நிறுவினார். யாருக்காக? 70 ஏழை மாணவர்களுக்காக! ஹாரோ பள்ளிக்கு 1572-ல் சாசனம் வாங்கியவர் ஜான் லயன் என்ற விவசாயி. உள்ளூர்ப் பிள்ளைகள் இலவசமாகப் படிப்பதற்காக. ரக்பி பள்ளிக்கு 1567-ல் சொத்து எழுதி வைத்தவர் லாரன்ஸ் ஷெரிஃப் என்ற மளிகை வியாபாரி. அதுவும் ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான்.

பின்னர் நடந்தது என்ன? கட்டணம் கட்டுகிற கனவான்களின் பிள்ளைகள் வந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1868-ம் ஆண்டில் இப்பள்ளிகளுக்கென்றே பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதையடுத்து, ஹாரோவில் 1876-லும் ரக்பியில் 1878-லும் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று தனியே வேறு பள்ளிகள் திறக்கப்பட்டன. விவசாயி கொடுத்த சொத்தில் பிரபு வீட்டுப் பிள்ளை. விவசாயியின் ஊர்ப் பிள்ளைக்கு வேறு வாசல்!

இன்று ஈட்டனில் ஒரு பையனுக்கு ஆண்டுக் கட்டணம் 60,000 பவுனுக்கு மேல். நம் பணத்தில் ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய். சில ஏழைப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் சலுகை வேறு, உரிமை வேறு. இவ்வளவுக்கும் இந்தப் பள்ளி சட்டப்படி ஒரு தர்ம ஸ்தாபனம்!

இதன் பலன் என்ன? பிரிட்டனின் பிரதமர்களில் 20 பேர் இந்த ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஜனங்களில் சுமார் 7 சதவீதம் பேரே சுயேச்சைப் பள்ளிகளில் படித்தவர்கள். ஆனால் மூத்த நீதிபதிகளில் 65 சதவீதம் பேர் அவற்றில் படித்தவர்கள் என்று 2019-ல் அங்கு வெளியான ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு வீடு என்ற அமைப்பு பிள்ளையை மட்டும் வளர்க்கவில்லை. ஆளும் கூட்டத்தையும் வளர்க்கிறது.

அந்த வீட்டின் இருட்டறை

'அப்படியானால் அங்கே எல்லாம் சொர்க்கமோ?' என்று கேட்கலாம். இல்லை. ஏழெட்டு வயதிலேயே தாயை விட்டுப் பிரித்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இரவில் தலையணைக்குள் அழுதிருக்கிறார்கள். இளையவன் மூத்தவனுக்குச் செருப்புத் துடைக்க வேண்டும், ரொட்டி சுட்டுக் கொடுக்க வேண்டும் என்ற ஊழிய முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. ஆளப் பிறந்தவன் முதலில் அடிமையாக இருந்து பழகட்டும் என்பது அந்தத் தர்மம்!

பிரம்படியை எடுத்துக் கொள்ளுங்கள். பிரிட்டனில் சர்க்கார் பள்ளிகளில் பிரம்படி 1987-ல் தடை செய்யப்பட்டது. இங்கிலாந்தின் சுயேச்சைப் பள்ளிகளில் அந்தத் தடை முழுமையாக வந்தது 1999-ல்தான். ஆயிரக்கணக்கில் பணம் கட்டிய பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆண்டு கூடுதலாக அடி! தங்கிப் படிக்கும் பள்ளிகளில் பிள்ளைகள் மீது நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்த பகிரங்க விசாரணைக் குழு 2022 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் வாய் மூடி இருந்ததையும் அந்த விசாரணை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? கட்டணம் கவனிப்பை வாங்கித் தரலாம். பாதுகாப்பை வாங்கித் தராது. மூடிய கதவுக்குப் பின்னால் மேய்ப்பனே ஓநாயாக மாறினால் ஆடு யாரிடம் முறையிடும்? வெளியே இருந்து கேள்வி கேட்கும் உரிமையுள்ள சட்டமும் ஜனங்களும் இருக்கும் இடத்தில்தான் பிள்ளைக்குக் காவல் உண்டு.

ஆலைக் கிராமத்தில் ஒரு பள்ளி

பிள்ளையைப் பரிவுடன் வளர்க்கிற கலை பிரபுக்களின் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரக்பியில் தாமஸ் ஆர்னால்டு என்ற தலைமையாசிரியர் 1828 முதல் 1841 வரை இருந்தார். மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களை ஆளும் முறையை அவர் சீர்படுத்தியது பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் பிள்ளைகள் இழை முடிந்து கொண்டிருந்தார்கள். 1833-ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுங்கூட 9 வயதுப் பிள்ளை நாளுக்கு 9 மணி நேரம் ஆலையில் நிற்கலாம். நின்று களைத்த பிள்ளைக்கு இரண்டு மணி நேரப் படிப்பு என்று அந்தச் சட்டம் 'கருணை' காட்டியது!

ஆனால் அதற்கும் முன்பே ஸ்காத்லாந்தின் நியூ லானார்க் என்ற பஞ்சாலைக் கிராமத்தில் வேறொன்று நடந்தது. ராபர்ட் ஓவன் அங்கே 1816 ஜனவரி 1-ந் தேதி ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தையே அங்கே வரலாம். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆலையில் சேர்ப்பதில்லை. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்பது முதல் கட்டளை. பாட்டும் நடனமும் உண்டு. சுவர் நிறைய மிருகங்களின் படங்கள். சிறு குழந்தைகளுக்கு ஆசிரியர் யார் தெரியுமா? ஜேம்ஸ் புகானன் என்ற நெசவாளி. அவருக்குத் துணை மாலி யங் என்ற 17 வயது ஆலைப் பெண்.

கல்லூரிப் பட்டம் இல்லாத ஒரு தறிக்காரரும் ஓர் ஆலைப் பெண்ணும் அடியில்லாத பள்ளியை நடத்திக் காட்டினார்கள். பணம் பிடித்த பள்ளிகள் பிரம்பைக் கீழே வைக்க அதற்குப் பின் 183 ஆண்டுகள் பிடித்தன!

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. ஓவன் நல்ல மனிதர். ஆனால் ஆலை முதலாளி. அவருடைய பங்காளிகளுக்கு இந்தப் பாட்டும் நடனமும் பிடிக்கவில்லை. 1820-களில் அவற்றுக்குக் கடிவாளம் போட்டார்கள், ஓவனும் விலகினார். நல்ல எஜமானின் நெஞ்சில் மட்டும் நிற்கிற நன்மை, எஜமான் மாறினால் போய்விடும். சட்டத்தில் ஏறிய நன்மையே நிற்கும்.

உரிமையாகச் செய்த நாடு

அதைச் சட்டத்தில் ஏற்றிய நாடு ஒன்று உண்டு. பின்லாந்தில் கட்டாயக் கல்விக்குரிய வகுப்புகளில் கட்டணம் வாங்கவே கூடாது. தனியார் நடத்தினாலும் அதுதான் விதி. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இலவசச் சூடான உணவு 1948 முதல் உண்டு. பிள்ளையின் மனநலமும் சட்டத்தில் ஏறியிருக்கிறது. 670 மாணவர்களுக்குக் குறைந்தது ஒரு சமூகப் பணியாளர், 780 மாணவர்களுக்குக் குறைந்தது ஒரு மனநல நிபுணர் என்று சட்டமே எண்ணிக்கை சொல்கிறது. மரவெட்டியின் பிள்ளையும் மந்திரியின் பிள்ளையும் ஒரே கதவைத் தட்டலாம்.

பிரிட்டனிலோ 1944-ல் பிளெமிங் குழு, பப்ளிக் ஸ்கூல் இடங்களில் நாலில் ஒரு பங்கைச் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது. அது காகிதத்தில் உறங்கியது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே இப்பள்ளிக் கட்டணத்தின் மீது 20 சதவீத வரி போட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் சர்க்கார் பள்ளிகளுக்கு 6,500 ஆசிரியர்கள் என்பது வாக்குறுதி. உடனே எழுந்தது கூக்குரல்! வழக்கும் போட்டார்கள், 2025 ஜூனில் லண்டன் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 'எங்கள் பள்ளியில் கிடைக்கும் தனிக் கவனிப்பு வேறெங்கும் கிடைக்காதே' என்பது பெற்றோர் பலரின் வாதம். பள்ளி மாற வேண்டி வந்த பிள்ளையிடம் நமக்கு அனுதாபம் உண்டு. ஆனால் அந்த வாதத்தைத் திருப்பிப் பாருங்கள். வேறெங்கும் கிடைக்கவில்லை என்பதல்லவா குற்றச்சாட்டு? 93 பிள்ளைகளுக்குக் கிடைக்காததை 7 பிள்ளைகளுக்கு மட்டும் காப்பாற்று என்று கேட்பது நியாயமா?

நாம் கேட்க வேண்டியது

இந்தப் பள்ளிகளின் அச்சு நம் நாட்டுக்கும் வந்தது. 1935-ல் டேராடூனில் திறந்த டூன் பள்ளியின் முதல் தலைமையாசிரியர் ஈட்டனிலிருந்து வந்தவர். பணக்காரப் பிள்ளைக்கு வீடும் வீட்டு ஆசிரியரும் வந்து சேர்ந்தன. நம் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது பனியன்.

நாம் பனியனை எதிர்க்கவில்லை. அந்த வீட்டைக் கேட்கிறோம். விவசாயத் தொழிலாளியின் பிள்ளை தங்கிப் படிக்கும் சர்க்கார் விடுதியில், அந்தப் பிள்ளையின் பெயரும் ஊரும் கவலையும் அறிந்த ஒரு பெரியவர் இரவில் இருக்கிறாரா? காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள்? வயதுக்கு வந்த பெண் பிள்ளை தன் பயத்தை யாரிடம் சொல்வாள்? ஆசிரியரின் மந்தை எவ்வளவு பெரிது?

இவற்றைக் கேட்க இடம் இருக்கிறது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். அந்த நாற்காலி நம்முடையது. ஷிப்டு முடிந்த களைப்பிலும், நடவு முடிந்த களைப்பிலும் அங்கே போய் உட்கார வேண்டும். கையெழுத்துப் போட மட்டும் அல்ல; கேட்க! சங்கக் கூட்டத்தில் போனசைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் பிள்ளையின் பள்ளியைப் பற்றியும் பேச வேண்டும்.

ஈட்டனின் ஐம்பது பையன்களுக்கு ஒரு வீட்டு ஆசிரியர் தேவைப்படுகிறார் என்றால், நம் பிள்ளைகளுக்கும் தேவைப்படுகிறார். அழுகிற குழந்தையின் கண்ணீரில் வர்க்க பேதம் இல்லை. துடைக்கிற கைகளைப் பங்கிட்டதில்தான் இருக்கிறது. ஒரு தறிக்காரரும் ஓர் ஆலைப் பெண்ணும் தொடங்கி வைத்த வேலை அது. அதை முடிக்க வேண்டியவர்களும் நாமே!