பீலித் தண்ணீரையும் சோதிக்க வேண்டும்

கொழும்பு நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர்கள் பலருக்கு அந்தக் கங்கை பிறக்கும் இடம் சொந்த ஊர். காசல்ரீ, மவுஸ்ஸாகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலிருந்து இறங்கும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகின்றன.

ஒரே தண்ணீர்தான். ஆனால் கீழே குடிப்பவருக்கு வடிகட்டி, குளோரின் இட்டு, சோதித்துக் கொடுக்கிறார்கள். மேலே பல லயங்களில் ஊற்றுத் தண்ணீர் தொட்டியில் விழுந்து, அப்படியே பீலிக்கு வருகிறது.

"மலைத் தண்ணீர் சுத்தமானது, நூறு வருடமாகக் குடிக்கிறோமே" என்பார்கள். அதில் பாதி உண்மை. மழை நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது பாறையை மெல்ல மெல்ல அரிக்கிறது. பாறையின் ஒரு பகுதி களிமண்ணாகிறது. சிலிக்கா, சோடியம், கல்சியம் போன்றவை தண்ணீரில் கரைந்து ஆற்றோடு போகின்றன. நாம் கொழுந்து பறிக்கும் சிவந்த மண் இப்படி உண்டானதுதான். நமது மலைப்பாறை மிகப் பழையது, கடினமானது, இலேசில் கரையாது. அதனால் தண்ணீரில் உப்பு குறைவு. சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரைக் காய்ச்சினால் கேத்தலில் வெள்ளையாகப் படியும். நம் கேத்தலில் அப்படிப் படிவதில்லை.

பாறை நமக்குக் கெடுதல் செய்யவில்லை. கெடுதல் அதற்குப் பிறகு சேருகிறது. ஊற்றுக்கு மேலே உள்ள மலையில் உரம் போடுகிறார்கள், களைநாசினி அடிக்கிறார்கள். அமோனியா உரம் மண்ணின் புளிப்பை இன்னும் கூட்டுகிறது. கவ்வாத்து மலைக்கு டொலமைட் போடுவது அதைத் தணிக்கத்தான். மிஞ்சிய நைத்திரேற்று மழையோடு ஊற்றில் இறங்கும். மலசலகூடக் குழி மேட்டில் இருந்தால் கிருமியும் இறங்கும். உப்புக் குறைந்த, இலேசான அமிலத் தண்ணீர் பழைய இரும்புக் குழாயையும் அரிக்கும். காலையில் முதலில் வரும் துருத் தண்ணீர் அதற்குச் சாட்சி.

நைத்திரேற்றும் கிருமியும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கே அதனால் ஆபத்து அதிகம். நம் பீலியில் எவ்வளவு இருக்கிறது? சோதிக்காமல் கம்பனியாலும் சொல்ல முடியாது, நம்மாலும் சொல்ல முடியாது.

சம்பளத்துக்காகப் போராடும் அதே உறுதியோடு நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒவ்வொரு குடிநீர் ஊற்றையும் மழைக்காலத்தில் ஒரு தடவை, வரட்சியில் ஒரு தடவை சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். ஊற்றுக்கு மேலே மருந்து அடிக்காத, மரம் நட்ட எல்லை ஒன்று வேண்டும். துருப்பிடித்த குழாய்களை மாற்ற வேண்டும்.

செலவு என்று நிர்வாகம் சொல்லும். தேயிலைக்கு என்ன உரம் தேவை என்று அறிய மண்ணைச் சோதிக்கப் பணம் இருக்கும்போது, கொழுந்து பறிப்பவர் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்க மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, தலைவிமார்களே! அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் ஊற்றுக்கு ஏறிப் பாருங்கள். அதற்கு மேலே என்ன இருக்கிறது, குழாய் எத்தனை வருடப் பழையது என்று எழுதி தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். கோரிக்கையோடு பேசப் போகும்போது அந்த விவரம் நம் கையில் இருக்க வேண்டும்.