மதத்தைக் காட்டி டாக்டர் மறுக்கலாமா?

ஓரிக்கையிலோ செவிலிமேட்டிலோ கூலிக்குத் தறி நெய்யும் ஒரு பெண் கருக்கலைப்புக்காக மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘என் மதம் இதை ஏற்காது’ என்று மருத்துவர் சொல்லலாமா?

பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி விலகிக்கொள்ள இடம் தருகிறது. நம் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. மருத்துவக் காரணம் இருந்தால் மதத்தை மட்டும் சொல்லிக் கருக்கலைப்பையோ குடும்பக் கட்டுப்பாட்டையோ மறுக்கக் கூடாது என்கிறது, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளில் 7.15ஆம் விதி. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டு, பழையவையே திரும்பின.

ஓட்டையும் அங்கேயே இருக்கிறது. ‘எனக்கு இதில் தேர்ச்சி இல்லை’ என்றால் விதி அவரை விட்டுவிடும். மதத்தைச் சொல்ல முடியாதவர் இதைச் சொல்வார். ‘செங்கல்பட்டு போம்மா’ என்பார். காசுள்ளவர் தனியாரிடம் போய்விடுவார். நம் பெண்ணுக்கோ ஒவ்வோர் அலைச்சலுக்கும் ஒரு நாள் கூலி போகும், வாரங்களும் ஓடும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதைத் தாண்டினால் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கே அனுமதி, அதற்கும் இரண்டு மருத்துவர்கள் வேண்டும். 18 வயது நிறைந்தவருக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை. ‘வீட்டுக்காரரைக் கூட்டி வா’ என்று திருப்பி அனுப்புவதும் மறுப்புதான்.

சாதியைச் சொல்லி உள்ளே விட மறுத்தால் அது குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

மறுப்பவர் எழுதித் தரமாட்டார். ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்தி, அதன் பின்னாலேயே தேதி, நேரம், சொன்ன காரணம் மூன்றையும் நாம்தான் குறித்துவைக்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுத அது உதவும்.