இரவல் துப்பாக்கி

1974-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி. சைப்ரஸ் தீவின் மேற்குக் கரையில் பாபோஸ் துறைமுகத்துக்கு அருகே மூன்று போர்க் கப்பல்கள். மூன்றும் துருக்கிக் கப்பல்கள். தலைக்கு மேலே போர் விமானங்கள் இரைந்து வருகின்றன. அவையும் துருக்கியின் விமானங்களே. கிரேக்கக் கப்பல்கள் துருப்புகளை ஏற்றிக்கொண்டு பாபோசை நோக்கி வருகின்றன என்று விமானிகளுக்குத் தகவல் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண்ட கப்பல் மீது குண்டுகளைப் பொழிந்தார்கள். 'கொஜாதெபெ' என்ற கப்பல் மூழ்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். அண்ணன் போட்ட குண்டுக்குத் தம்பி பலியானான்.

எப்படி நேர்ந்தது இந்த விபரீதம்? விமானிகள் குருடர்களா? இல்லை, தோழர்களே! கொஜாதெபெ, அமெரிக்கா கொடுத்த பழைய கப்பல். கிரேக்கரிடம் இருந்ததும் அமெரிக்கா கொடுத்த, அதே சாயலுள்ள கப்பல்கள். ஆகாயத்திலிருந்து பார்ப்பவனுக்கு எது கிரேக்கன் கப்பல், எது தன் கப்பல் என்று எப்படித் தெரியும்? குண்டு போட வந்த விமானமும் அமெரிக்கா தந்ததுதான். கிரேக்கமும் துருக்கியும் 1952 பிப்ரவரி 18-ந் தேதி, ஒரே நாளில், நேட்டோ என்னும் ராணுவக் கூட்டில் சேர்க்கப்பட்டவை. இரண்டுக்கும் ஒரே கடையில் சரக்கு.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்பார்கள் நம் வீட்டுப் பாட்டிமார்கள். அமெரிக்கா - துருக்கி நட்பின் முக்கால் நூற்றாண்டு வரலாறு, அந்தப் பழமொழிக்கு எழுதிய நீண்ட உரை போலத்தான் இருக்கிறது.

துருக்கி இந்த நட்பைத் தேடிப்போனதற்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். 1945-ல் சோவியத் வெளிநாட்டு மந்திரி மாலடோவ், கார்ஸ், அர்தஹான் பகுதிகளைக் கேட்டார்; கருங்கடலின் வாசலான ஜலசந்தியில் தளம் கேட்டார். கமால் பாட்சாவின் விடுதலைப் போருக்குப் பொன்னும் ஆயுதமும் தந்த அதே மாஸ்கோ, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நிலம் கேட்டது. அச்சம் உண்மையானது. அண்டை வீட்டுக்காரன் வேலியைப் பிடுங்க வந்தால் ஊருக்குப் பெரியவனைக் கூப்பிடத்தான் தோன்றும். 1947 மார்ச் 12-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், கிரேக்கத்துக்கும் துருக்கிக்குமாக 40 கோடி டாலர் உதவி வேண்டுமென்று தன் நாட்டுக் காங்கிரஸ் மன்றத்தில் கேட்டார். அதில் துருக்கியின் பங்கு 10 கோடி. அந்த ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் நான்காவது விதியை அன்று யார் ஊன்றிப் படித்தார்களோ தெரியாது. பின்னால் அந்த விதி பேசியது.

முதலில் விலை கொடுத்தவன் சிப்பாய். 1950-ல் கொரியாவில் போர் மூண்டது. ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட படையை அனுப்புவதென்று மெண்டரஸ் சர்க்கார் ஜூலை 25-ந் தேதி முடிவு செய்தது. நாட்டின் பார்லிமெண்டைக் கேட்டதா? கேட்கவில்லை. எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்த சமாதான சங்கத்தின் தலைவி பெஹிஜே போரான் சிறையில் அடைக்கப்பட்டார். அனத்தோலியாவின் கோதுமை வயலில் பிறந்த பிள்ளைகள் எழுநூறு பேருக்கு மேல், பெயர்கூடக் கேள்விப்படாத கொரியாவில் மடிந்தார்கள். அந்த ரத்தத்தைக் காட்டித்தான் நேட்டோவின் கதவு திறக்கப்பட்டது.

கதவு திறந்ததும் தளங்கள் வந்தன. அதனா நகருக்குப் பக்கத்தில் இஞ்சிர்லிக் தளம். அந்தப் பெயருக்கு அத்தித் தோட்டம் என்று பொருளாம். பின் 1961-ல் தொடங்கி, இஸ்மீர் பக்கம் 15 ஜூபிடர் ஏவுகணைகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அணுகுண்டு. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து, உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்டோபர் 27-ந் தேதி இரவு, ஜனாதிபதி கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி, சோவியத் தூதரிடம் ரகசியமாக வாக்குக் கொடுத்தார்: துருக்கியிலுள்ளவற்றை எடுத்துவிடுகிறோம், வெளியே சொல்லவேண்டாம் என்று. 1963 ஏப்ரலுக்குள் எடுத்தும்விட்டார்கள். உலகம் பிழைத்தது, நல்லதே! ஆனால் பேரம் பேசப்பட்டது யாருடைய மண்ணைப் பற்றி? துருக்கியின் மண். பேரம் நடப்பதாகத் துருக்கிக்குச் சொன்னார்களா? இல்லை. வைத்தபோது மக்களைக் கேட்கவில்லை. எடுப்பதாக வாக்குக் கொடுத்தபோது சர்க்காரையே கேட்கவில்லை.

அடுத்ததுதான் அந்தக் கடிதம். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

சைப்ரஸ் 1960-ல் சுதந்திரம் பெற்றது. கிரேக்க மொழி பேசுவோர் பெரும்பான்மை. துருக்கி மொழி பேசுவோர் சிறுபான்மை. 1963 டிசம்பரில் இரு தரப்புக்கும் இடையே ரத்தம் சிந்தியது. 1964-ல் துருக்கி அங்கே படையிறக்க ஆயத்தமாயிற்று. பிரதமர் இஸ்மத் இனோனு, கமால் பாட்சாவுக்குத் தோளோடு தோள் நின்று போரிட்ட கிழவர். ஜூன் 5-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதன் சாரம் இரண்டே விஷயம். நாங்கள் கொடுத்த ஆயுதங்களை, கொடுத்த காரியத்துக்கல்லாமல் வேறெதற்கும் எங்கள் சம்மதமின்றி உபயோகிக்க முடியாது. 1947 ஒப்பந்தத்தின் நான்காவது விதியைப் பாருங்கள் என்பது ஒன்று. எங்களைக் கேட்காமல் நீங்கள் இறங்கி, அதனால் சோவியத் உங்கள் மீது பாய்ந்தால், காப்பாற்றும் கடமை நேட்டோ நாடுகளுக்கு உண்டா என்பதை அவை இன்னும் யோசிக்கவில்லை என்பது மற்றொன்று.

சோவியத் பயத்துக்காகத்தானே நேட்டோவில் சேர்ந்தான் துருக்கிக்காரன்? அதற்காகத்தானே கொரியாவில் பிள்ளைகளைப் புதைத்தான்? இப்போது, சோவியத் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்! காவல்காரனுக்குச் சம்பளம் பாக்கியில்லாமல் கொடுத்தவனிடம், திருடன் வந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றால் எப்படி இருக்கும்?

படை இறங்கவில்லை. சைப்ரசில் அன்று ஒரு பெரிய போர் தடுக்கப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். தடுத்தது தவறென்று நாம் வாதாடவில்லை. தடுத்த விதத்தைப் பாருங்கள் என்கிறோம். 1966 ஜனவரியில் அந்தக் கடிதத்தைத் துருக்கிப் பத்திரிகை 'ஹுரியத்' வெளியிட்டது. நாடு கொதித்தது. 1968 ஜூலையில் அமெரிக்காவின் ஆறாவது கடற்படை இஸ்தான்புல் வந்தபோது, மாணவர்கள் மாலுமிகளைப் பிடித்து தோல்மாபாச்சேக் கரையில் கடலில் தள்ளினார்கள். 1969 பிப்ரவரி 16-ந் தேதி, அதே கடற்படையை எதிர்த்து மாணவரும் தொழிலாளரும் தக்சிம் சதுக்கத்துக்கு ஊர்வலம் வந்தபோது, வேறொரு கும்பல் கத்தியும் தடியுமாகப் பாய்ந்தது. இரண்டு பேர் பிணமானார்கள். 'ரத்த ஞாயிறு' என்று அந்த நாளை இன்றும் சொல்கிறார்கள்.

உழவனையும் இந்த நட்பு விடவில்லை. அமெரிக்க இளைஞர்கள் ஹெராயினில் அழிகிறார்கள் என்று, 1971-ல் அபினிச் செடி பயிரிடுவதற்கே துருக்கியில் தடை போட வைத்தார்கள். அபியோன் என்று ஒரு மாவட்டமே அங்கே உண்டு. நம் 'அபின்' என்ற சொல்லுக்கு உறவான பெயர். 1974 ஜூலையில் எஜெவித் சர்க்கார் தடையை நீக்கியது. அதே மாதம் சைப்ரஸ்.

கிரேக்க ராணுவ சர்வாதிகாரிகள் தூண்டிவிட்டு, ஜூலை 15-ந் தேதி சைப்ரசில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 20-ந் தேதி துருக்கிப் படை இறங்கியது. அமெரிக்க ஆயுதத்தோடுதான்! 1975 பிப்ரவரி 5-ந் தேதி அமெரிக்கா ஆயுதத் தடை போட்டது. துருக்கி விடவில்லை. அந்த ஜூலையில் அமெரிக்கத் தளங்களைத் தன் ராணுவத்தின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இஞ்சிர்லிக்கில் நேட்டோ வேலைக்கு மட்டும் அனுமதி. மூன்று ஆண்டு முறைப்புக்குப் பிறகு, 1978-ல் வாஷிங்டன்தான் இறங்கி வந்து தடையை நீக்கியது. உதிரி பாகத்துக்குப் பட்ட பாட்டில், 1975-லேயே அங்காராவில் 'அசெல்சான்' என்ற சொந்த ராணுவ மின்னணுத் தொழிற்சாலை பிறந்தது.

துருக்கி ஒன்றும் ஆட்டுக்குட்டியல்லவே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இறங்கிய படை இன்னும் வடசைப்ரசை விட்டு வெளியேறவில்லை. லட்சத்துக்கு மேற்பட்ட கிரேக்கக் குடும்பத்தார் வடக்கே வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தெற்கே இருந்த துருக்கிக் குடும்பங்கள் வடக்கே ஓடின. சொந்த நாட்டுக் குர்து மக்களை அங்காரா நடத்திய விதமும் நமக்குத் தெரியும். பெரியவன் சிறியவனை மிரட்டுகிறான் என்பதால் சிறியவன் செய்ததெல்லாம் நியாயமாகிவிடாது. மிரட்டுகிறவனும் மிரட்டப்படுகிறவனும் ஒரே கூட்டணியில் தோழர்கள் என்று விருந்துண்கிறார்களே, அதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இந்த வரலாற்றில் துருக்கி நிமிர்ந்து நின்ற நாள் ஒன்று உண்டு. அன்று அதன் கையில் துப்பாக்கி இல்லை, ஓட்டு இருந்தது.

2003. இராக் மீது பாய அமெரிக்கா தயாராகிவிட்டது. தெற்கே குவைத்திலிருந்து ஒரு படை, வடக்கே துருக்கி வழியாக ஒரு படை என்பது திட்டம். 62,000 அமெரிக்கத் துருப்புகள் துருக்கி மண்ணில் இறங்க அனுமதி வேண்டும். கைம்மாறாகக் கோடி கோடியாக டாலர் உதவி, கடன் என்று பேச்சு. படையின் தளவாடக் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் வந்து காத்துக்கிடந்தன, அவ்வளவு நம்பிக்கை! ஆளும் கட்சியின் தலைமை சரி என்றது. மார்ச் முதல் தேதி பார்லிமெண்டு கூடியது. வெளியே அங்காராத் தெருக்களில் தொழிற்சங்கத்தாரும் மாணவரும் தாய்மாரும் ஆயிரமாயிரமாகத் திரண்டு, போர் வேண்டாம் என்றார்கள்.

வாக்கெடுப்பு. ஆதரவு 264. எதிர்ப்பு 250. நடுநிலை 19. ஜெயித்துவிட்டது என்றே முதலில் நினைத்தார்கள். ஆனால் அந்நாட்டு அரசியல் சட்டப்படி, வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்கவேண்டும். வந்திருந்தவர்கள் 533. தேவை 267. மூன்று ஓட்டுக் குறைந்தது! தீர்மானம் விழுந்தது. ஆளும் கட்சியின் உறுப்பினர்களிலேயே பலர் தலைமையை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். காத்துக்கிடந்த கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியே சுற்றிக்கொண்டு குவைத்துக்குப் போயின. பின்னர் விமானங்கள் வானில் கடந்துபோக மட்டும் அனுமதி கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் தரைப்படை அந்த மண்ணை மிதிக்கவில்லை.

அமெரிக்க ராணுவத் துணை மந்திரி வுல்போவிட்சுக்கு இதில் வருத்தம். அந்த மே மாதம் துருக்கித் தொலைக்காட்சிக்கே பேட்டி கொடுத்தார். துருக்கி ராணுவம், தாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு வலுவான தலைமைப் பாத்திரம் வகிக்கவில்லை என்று குறைபட்டார். கவனித்தீர்களா? இராக்குக்கு ஜனநாயகம் கொண்டுபோகிறோம் என்று புறப்பட்டவர்கள், பக்கத்து நாட்டு ஜனநாயகத்தை ராணுவம் அடக்கவில்லையே என்று ஏங்குகிறார்கள்! ஜூலை 4-ந் தேதி வடஇராக்கில், சுலைமானியா நகரில், துருக்கிச் சிப்பாய்கள் பதினொரு பேரை அமெரிக்கப் படையினர் பிடித்து, தலையில் கோணி உறை மாட்டிக் கொண்டுபோனார்கள். இரண்டு நாளுக்கு மேல் வைத்திருந்து விட்டார்கள். கூட்டணி நாட்டுச் சிப்பாய்கள்!

பிறகு நடந்ததெல்லாம் அதே பாட்டை வேறு ராகத்தில் பாடியதுதான். 2017-ல் துருக்கி, ரஷ்யாவிடமிருந்து 250 கோடி டாலருக்கு எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகள் வாங்க ஒப்பந்தம் போட்டது. 2019 ஜூலையில் சரக்கு வந்திறங்கியது. அதே மாதம் அமெரிக்கா, எப்-35 விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை வெளியே தள்ளியது. நூறு விமானம் வாங்க இருந்தவர்கள். அதன் உறுப்புகள் பலவற்றைத் துருக்கித் தொழிலாளர்களே செய்து கொடுத்து வந்தார்கள். கட்டியிருந்த பணம் ஏறத்தாழ 140 கோடி டாலர். பணம் அங்கே, விமானமும் அங்கே. அந்த அக்டோபரில் ஜனாதிபதி ட்ரம்ப், எர்துவானுக்கு ஒரு கடிதம் எழுதினார். முட்டாளாகாதே, உன் பொருளாதாரத்தை நாசமாக்கும் பழி எனக்கு வேண்டாம் என்ற தோரணை. ஜான்சன் கடிதத்துக்கு 55 வயதானபோது பிறந்த தம்பி!

பொருளாதாரத்தை நாசமாக்குவது வாய்ச்சவடால் அல்ல. ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தார்கள். 2018 ஆகஸ்டு 10-ந் தேதி, வீட்டுக் காவலிலிருந்த ஓர் அமெரிக்கப் பாதிரியாரை விடவில்லை என்ற தகராறின் நடுவே, துருக்கி எஃகுக்கு 50 சதவிகிதம் வரி என்று ட்ரம்ப் அறிவித்தார். முன்பே ஆட்டங்கண்டிருந்த லிரா, ஒரே நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. எர்துவானின் மாளிகையில் அடுப்பு அணையவில்லை. எஃகு ஆலையில் ஷிப்டு முடித்து வீடு திரும்பியவனின் சம்பளம்தான், பையிலிருந்தபடியே இளைத்தது.

எர்துவானும் பேரத்தில் சளைத்தவரல்ல. சுவீடன் நேட்டோவில் சேர்வதற்கு மாதக்கணக்கில் முட்டுக்கட்டை போட்டார். 2024 ஜனவரி 23-ந் தேதி துருக்கி பார்லிமெண்டு சுவீடனுக்கு ஓட்டளித்தது. 26-ந் தேதி வாஷிங்டன், 2,300 கோடி டாலருக்கு எப்-16 விமானங்களையும் தளவாடங்களையும் விற்க அனுமதி தந்தது. மூன்று நாள் இடைவெளி! நட்பு என்று இதற்குப் பெயர். சந்தை என்றாலும் பொருந்தும்.

அடுத்த மாதம் 21-ந் தேதி, துருக்கி சொந்தமாகக் கட்டிய 'கான்' என்ற போர் விமானம் முதன்முதலாகப் பறந்தது. இனி எவனிடமும் கையேந்தவேண்டாம் என்று பூரித்தார்கள். அதில் பொருத்தியிருந்த எஞ்சின்கள் இரண்டும் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியுடையவை. 2025 செப்டம்பரில் துருக்கியின் வெளிநாட்டு மந்திரி ஹகான் பிதான் வாய்விட்டுச் சொன்னார்: எஞ்சினுக்கான லைசென்சு அமெரிக்கக் காங்கிரஸ் மன்றத்தில் காத்துக்கிடக்கிறது என்று.