விலங்குகட்காகப் பேசுதல் பயங்கரவாதமாமோ?

சட்டங்களுக்குப் பெயரிடுவோர், குழந்தைகளுக்குப் பெயரிடுவோரைக் காட்டிலும் மிகுதியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சட்டத்தின் பெயர் அதன்கீழ்ப் பிடிபட்டவன்மேல் ஒட்டிக்கொண்டு, அவன் குற்றமற்றவனென்று விடுவிக்கப்பட்ட பின்னும் ஊரார் வாயில் உலவி வரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2006-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையொப்பமிட்ட 'விலங்குத் தொழில் பயங்கரவாதச் சட்டம்' இத்தகையது. 1992-இல் அவர்தம் தந்தையார் அதிபராயிருந்த காலத்து இயற்றப்பட்ட முன்னைச் சட்டத்திற்கு 'விலங்குத் தொழில் பாதுகாப்புச் சட்டம்' என்று பெயர். பதினான்கு ஆண்டுகளில் பாதுகாப்புப் போய்ப் பயங்கரவாதம் வந்து அமர்ந்தது. பிரதிநிதிகள் சபையில் இது வாய்மொழி வாக்கினாலேயே நிறைவேறிற்று. அங்கு இதனை எதிர்த்துப் பேசினவர் ஒஹையோவைச் சேர்ந்த டென்னிஸ் குசினிச் என்பவர்.

இச்சட்டத்திற்கு ஒரு காரணமும் இல்லை என்று யான் கூற வரவில்லை. ஆராய்ச்சிச்சாலைகட்குத் தீ வைத்தோரும், 2003-இல் கலிபோர்னியாவில் வெடிகுண்டு வைத்தோரும் விலங்குகளின் பெயரைச் சொல்லியே அவற்றைச் செய்தனர். சாந்தா குரூஸ் நகரில் 2008 ஆகஸ்டில் ஓர் ஆராய்ச்சியாளர் வீடு தீக்குண்டால் தாக்கப்பட்டது. இவை கொடுஞ்செயல்களே, ஆய்வுக்கூடத்தில் உழைக்கும் நம் விஞ்ஞான மாணவர் எவரும் இவற்றைப் பொறுக்கார். ஆயினும் தீ வைத்தலும் குண்டெறிதலும் இச்சட்டம் பிறக்குமுன்பே கடுந்தண்டனைக்குரிய குற்றங்களாயிருந்தன அல்லவா? புதிய சட்டம் புதிதாக எவரைப் பிடித்தது என்பதே வினா.

அதற்கு விடை கலிபோர்னியாவிலேயே கிடைக்கின்றது. 2009 பெப்ரவரியில் நால்வர் கைது செய்யப்பட்டனர். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலரின் வீட்டு முன்னர் ஊர்வலமாய்ச் சென்று கோஷமிட்டமை, முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டமை, நடைபாதையில் சுண்ணக்கட்டியால் எழுதினமை, துண்டுப் பிரசுரம் வழங்கினமை ஆகியவை அவர்மேற் சாட்டப்பட்டவற்றுள் அடங்கும். ஒருவர் மனைவி மக்களோடு வாழும் வீட்டு வாயிலில் நின்று கூச்சலிடுதலை யான் நற்செயலென்று கொள்ளேன். எல்லை மீறினால் அதனைத் தடுக்க நகரச் சட்டமும் மாகாணச் சட்டமும் போதும். சுண்ணக்கட்டி எடுத்தவனைப் பயங்கரவாதி என்றழைத்தல் எந்த நீதியின்பாற்பட்டது? எச்சொல், எச்செயல் குற்றமென்று குற்றப்பத்திரம் விளங்கக் கூறவில்லை என்று காட்டி, 2010 ஜூலையில் நீதிபதி ரொனால்ட் வைட் அவ்வழக்கைத் தள்ளிவிட்டார். அதற்குள் பதினேழு மாதங்கள் கழிந்துவிட்டன.

சட்டத்தை ஆதரிப்போர், அமைதியான மறியலையும் ஆர்ப்பாட்டத்தையும் இது தடுக்காதென்று அதனுள்ளேயே ஒரு விதி உண்டே என்பர். உண்மைதான். ஆனால் அவ்விதி நீதிமன்றத்தில் நின்று எடுத்துக்காட்டுதற்குரிய கேடயமேயன்றி, கைதாகாமற் காக்கும் மதிலன்று. மேலும், தண்டனையை அளக்குமிடத்துப் பொருள் நட்டம் என்பதனுள் இலாபக் குறைவையும் இச்சட்டம் சேர்த்துள்ளது. மக்கள் உண்மையறிந்து முறைப்படி வாங்காதொழிதலால் வரும் நட்டத்தை மட்டும் விலக்கியது. நண்பர்களே, இலாபத்தைக் குறைக்க நினையாத கிளர்ச்சி எங்கேனும் உண்டோ? 1791-இல் இங்கிலாந்தில் பல்லாயிரங் குடும்பத்தார் அடிமைகள் விளைத்த சர்க்கரையை உண்ணாதொழிந்தது வியாபாரிகளின் பையைத் தாக்குதற்கன்றி வேறெதற்கு? (போஸ்டன் துறைமுகத்தில் 1773-இல் தேயிலைப் பெட்டிகளைக் கடலிற் கொட்டியவரை அமெரிக்கர் இன்றும் தேசபக்தர் என்றே போற்றுகின்றனர். அப்பெட்டிகளில் தேயிலையன்றி மென்மயிர்த் தோல் இருந்திருப்பின் இன்று அவர்க்கு என்ன பெயரோ!)

2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் எஃப்.பி.ஐ. அதிகாரி ஜான் லூயிஸ், விலங்குரிமையும் சுற்றுச்சூழலும் பற்றிய தீவிரக் கிளர்ச்சியே உள்நாட்டுப் பயங்கரவாதங்களுள் முதன்மையானதென்று செனட் சபைக் குழுவின்முன் கூறினார். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1995-இல், ஓக்லஹோமா நகரில் அரசாங்கக் கட்டடமொன்று தகர்க்கப்பட்டு 168 உயிர்கள் மாண்டன. அக்கொலைகாரருக்கும் இவர்கட்கும் ஒரே சொல்லை வழங்கினால், சொல்லின் கூர் மழுங்கிப்போம். உண்மையான பயங்கரவாதியை நோக்க வேண்டிய கண் வேறெங்கோ திரும்பும்.

இதனோடு பிறந்தவை போன்ற வேறு சட்டங்களும் உள. பண்ணையிலும் இறைச்சிக்கூடத்திலும் நடப்பவற்றைப் படம்பிடித்தலைக் குற்றமாக்கும் சட்டங்கள் பல மாகாணங்களில் எழுந்தன. யூட்டாவில் 2013-இல் ஒரு பெண், பொதுச்சாலையில் நின்றபடி இறைச்சிக்கூடமொன்றைப் படம்பிடித்ததற்காகக் குற்றஞ் சாட்டப்பட்டாள். பின்னர் அக்குற்றச்சாட்டுக் கைவிடப்பட்டது. 2015-இல் ஐடஹோவின் சட்டத்தையும், 2017-இல் யூட்டாவின் சட்டத்தையும் நீதிபதிகள் பேச்சுரிமைக்கு மாறானவையென்று செல்லாதாக்கினர். அப்டன் சின்க்ளேர் 1904-இல் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளுள் தொழிலாளரோடு தொழிலாளராய்ப் புகுந்து கண்டதை நாவலாக்கினார். அதனைப் படித்து நாடு அருவருத்தமையாலன்றோ 1906 ஜூனில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் விரைந்து பிறந்தது! அத்தகையோர் கண்டு சொன்ன உண்மையால் தன் உணவு தூய்மையடையப் பெற்ற நாடு, சரியாக நூறாண்டு கழிந்த 2006-இல் இப்படியொரு சட்டத்தை எழுதிற்று.

கலிபோர்னிய வழக்குத் தள்ளப்பட்ட மறு ஆண்டில், விலங்குகட்காக உழைப்போர் ஐவர் இச்சட்டத்தையே எதிர்த்துப் போஸ்டனில் வழக்கிட்டனர். பயங்கரவாதிகளாக்கப்படுவோமோ என்ற அச்சத்தால், முறையான கிளர்ச்சியையும் தாங்கள் அடக்கிக்கொண்டதாக அவர்கள் முறையிட்டனர். அவர்கள் செய்ய விரும்பியவை இச்சட்டத்துள் அடங்கா, அவற்றுக்காக வழக்குத் தொடரும் எண்ணமும் இல்லை என்று அரசாங்கத்தார் விடையிறுத்தனர். அதனை ஏற்று, அஞ்சுதற்கு இடமின்மையின் வழக்கிடவும் இடமில்லையென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் முடிவு கூறிற்று; அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அவர்தம் மனுவை ஏற்க மறுத்தது. அமைதியாய்க் கிளர்ச்சி செய்வோர் அஞ்ச வேண்டுவதில்லையென்று அரசாங்கமே உறுதி கூறுமாயின், அச்சுறுத்தும் அந்த ஒரு சொல்லைச் சட்டத்தின் தலைப்பினின்றும் எடுத்துவிடுதற்கு அதற்கு ஏன் இன்னும் மனம் வரவில்லை?