முன்பணம் கேட்கும் கடன்காரன்



கையில் பணம் இல்லாதவன்தான் கடன் கேட்கிறான். அவனிடமே, "முதலில் நீ பணம் கட்டு, பிறகு கடன் தருகிறேன்" என்பவன் கொடுக்க வந்தவனா, பறிக்க வந்தவனா?

அந்நாளில் கங்காணி முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டினான். அந்தக் கடன் தீருமுன் தொழிலாளியின் ஆயுள் தேய்ந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் அந்த ஆளெடுப்பை நிறுத்தியது. இந்நாளில் கைப்பேசியில் ஒரு புதுக் கங்காணி வந்திருக்கிறான். இவன் முன்பணம் வாங்கி ஆளைக் கட்டுகிறான்!

இவனுடைய முறை ஒன்றே. பத்தாயிரம் வெள்ளி கடன் 'பாஸ்' ஆகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அடையாள அட்டைப் படமும் சம்பளச் சீட்டும் கேட்பான். அடுத்து பத்திரச் செலவு 300 வெள்ளி என்பான். அதைக் கட்டினால் இன்சூரன்ஸ் 500 என்பான். அதையும் கட்டினால், "கணக்கு எண்ணைத் தப்பாகக் கொடுத்துவிட்டாய், பணம் முடங்கிவிட்டது, விடுவிக்க ஆயிரம்" என்பான். கட்டியது வீணாகக் கூடாதே என்ற பயத்தில் தொழிலாளி மேலும் மேலும் கட்டுகிறான். அந்தப் பயம்தான் அவனுடைய மூலதனம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டப்படி, கடன் கொடுப்பவனுக்கு வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் உரிமம் வேண்டும். ஈடில்லாக் கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஈடுள்ள கடனுக்கு 12 விழுக்காடு. எழுத்து மூலமான ஒப்பந்தமும் அதன் பிரதியும் கடன் வாங்குபவனுடைய உரிமை. அலுவலகம் காட்டாமல், யாரோ ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்பவன் எந்த உரிமம் பெற்றவன்?

அப்படியானால் முன்கூட்டிக் கட்டும் பணமெல்லாம் மோசமா? இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்குப்பணம் கட்டினார்கள். 1961இல் இதே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தச் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. அங்கே ரசீது இருந்தது, கூட்டம் இருந்தது, கணக்குக் கேட்க உரிமை இருந்தது. இம்மூன்றும் இல்லாத இடத்தில் ஒரு காசும் கட்டாதீர்கள்!

ஏமாந்தவனைப் பார்த்து, "பேராசைக்காரன்" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் தாயின் மருந்துக்கும் அலைபவனுக்குப் பேராசை ஏது? நம்முடைய சிரிப்பு அவன் வாயை அடைக்கிறது. அவன் வாய் மூடினால் திருடனுக்கு அடுத்த வீடும் திறந்துவிடுகிறது. சங்கக் கிளையில் வந்து சொல்ல அவனுக்கு இடம் வேண்டும். கேலி செய்யாமல் கேட்க நமக்கு மனம் வேண்டும்.

கிராணிமார்களுக்கும் ஒரு கடமை உண்டு. கடனுக்கென்று சம்பளச் சீட்டுப் பிரதி கேட்டு வருபவரிடம், "முன்பணம் ஏதும் கேட்டார்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அரை நிமிட வேலை. ஒரு மாதச் சம்பளம் தப்பும்.

பணம் போட்டுவிட்டீர்களா? விடியட்டும் என்று காத்திராமல் உடனே 997க்குத் தொலைபேசி செய்யுங்கள். 2022இல் அமைந்த தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். போலீசிலும் புகார் எழுதுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவுமுன் மறிக்க வேண்டும். பணம் போடுமுன் சந்தேகம் வந்தால், போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். அங்கே பெயர் இல்லை என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். உங்கள் வங்கி அட்டையை வாடகைக்குக் கேட்பவனுக்கும் கொடுக்காதீர்கள்; பிடிபடுவது அட்டைக்குரியவர்தான்.

இருட்டில் எழுந்து பால் வெட்டியும் இரவு ஷிப்டில் நின்றும் சேர்த்த வெள்ளி இது. கொடுக்குமுன் ஒருமுறை சங்கத்தைக் கேளுங்கள்!