ஸ்டாப் வந்தாச்சு, எறங்குங்க!

'வொர்க் ஃப்ரம் ஹோம்' இன்டர்ன்ஷிப் கிடைச்சா முதல்ல என்ன பண்ணுவீங்க? நான் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் கட்டில்ல போட்டேன். பஸ் பிடிக்க வேணாம், டிபன் பாக்ஸ் கட்ட வேணாம், சுடிதாரை அயர்ன் பண்ண வேணாம். வீடியோ மீட்டிங்னா மேல ஒரு நல்ல டாப்ஸ், கீழ நைட் பேன்ட். சொர்க்கம் பாஸ்!

அந்த சொர்க்கம் சரியா அஞ்சு வாரம் ஓடுச்சு. ஆறாவது வாரம் ஒருநாள் காலையில வலது கை சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துக் கிடக்கு. உதறிப் பார்த்தேன், வெந்நீர்ல காட்டினேன். ம்ஹூம். மூணாவது நாள் காபி டம்ளர் கை நழுவி விழுந்துச்சு. அப்பதான் பயம் வந்துச்சு. கோட் அடிச்சுப் பிழைக்கப் போற கையாச்சே!

டாக்டர் பார்த்துட்டு பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்க இருந்த அக்கா கேட்ட முதல் கேள்வி: "கட்டில்ல குப்புறப் படுத்து, முழங்கையை ஊனித்தானே வேலை பார்க்கறே?" நம்ம வீட்ல சிசிடிவி எதுவும் வச்சிருக்காங்களோன்னு டவுட்டே வந்துருச்சு. முழங்கையை எங்கயாவது இடிச்சுக்கிட்டா 'சுர்ர்'னு கரன்ட் அடிக்குமே, அதுக்குக் காரணம் அல்னார் நரம்பு. சுண்டுவிரலுக்கும் மோதிர விரல்ல பாதிக்கும் உணர்ச்சி அது வழியாத்தான் போகுது. அதைத்தான் நான் நாள் முழுக்க நசுக்கிக்கிட்டு இருந்திருக்கேன். "சீக்கிரம் வந்துட்டே. அப்படியே விட்டிருந்தா விரல்ல பலமே குறைஞ்சிருக்கும்"னாங்க.

இதுல காமெடி என்னன்னா, அந்தக் கையிலதான் ஸ்மார்ட் பேண்ட் கட்டியிருந்தேன். மணிக்கு ஒரு தடவை 'எழுந்திரு'ன்னு அதிரும். தட்டி விட்டுருவேன். தண்ணி குடிக்க ஒரு ஆப், கண்ணை மூட ஒரு ஆப், நடையை எண்ண ஒரு ஆப். டெக்னாலஜி எல்லாம் ரெடியாத்தான் இருந்துச்சு. எழுந்திருக்கத்தான் ஆள் இல்லை!

எங்கப்பா மதுரையில டவுன் பஸ் டிரைவர். இருபது வருஷ இடுப்பு வலி. விஷயத்தைக் கேட்டுட்டு அவர் திட்டவே இல்லை. "ஏம்மா, எனக்கு எந்திரிக்கணும்னு தோணுனாலும் டிரிப் முடியற வரைக்கும் முடியாது. பின்னாடி அம்பது சனம் நிக்குது. உன்னை எவன் கட்டிப் போட்டான்?"னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை.

அன்னிக்கு நைட்டே ரிமைண்டர்களோட பேரை எல்லாம் மாத்தினேன். 'ஸ்டாண்ட் அப்'னு வந்தா தட்டி விடுற கை, அப்பா ஓட்டுற ரூட்ல இருக்கிற ஸ்டாப் பேர் வந்தா தட்டி விட மாட்டேங்குது. பெரியார்ல ஏறி உட்கார்ந்தா மாட்டுத்தாவணி வரைக்கும் நடுவுல எல்லா ஸ்டாப்லயும் வண்டி நின்னாகணும். வாங்க, ஒரு ரவுண்டு போவோம்.

சிம்மக்கல்: கண்ணு

சாதாரணமா நாம நிமிஷத்துக்குப் பதினஞ்சு தடவை மாதிரி கண் சிமிட்டுவோம். ஸ்கிரீனைப் பார்த்தா அது பாதியாவோ அதுக்கும் கீழயோ குறையும். கண் எரியுறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். மருந்து, 20-20-20. அதாவது 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 செகண்ட் பாருங்க. எதிர்வீட்டு மொட்டை மாடி போதும். ஃபேன் காத்து நேரா மூஞ்சியில அடிக்காம நாற்காலியைத் திருப்பிப் போடுங்க.

கோரிப்பாளையம்: கழுத்து

நம்ம தலையோட எடை கிட்டத்தட்ட 5 கிலோ. கழுத்தைக் குனிய வச்சா சுமை எவ்வளவு ஏறும்னு அமெரிக்க முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல கம்ப்யூட்டர் மாடல்ல கணக்குப் போட்டார். 60 டிகிரி குனிஞ்சா கழுத்துல விழுற பாரம் 27 கிலோ! அதாவது, ஒரு அரிசி மூட்டையைக் கழுத்துல வச்சுக்கிட்டு நாம ரீல்ஸ் பார்க்கறோம்.

லேப்டாப்ல என்ன சிக்கல்னா, ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளைங்க. ஸ்கிரீனை உயர்த்தினா கை தூக்கும், கையை இறக்கினா தலை குனியும். அதனால தனி கீபோர்டும் மவுஸும் வாங்குங்க. லேப்டாப்புக்கு அடியில தடிமனா நாலு புக் வைங்க. ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரணும், கை நீட்டுற தூரத்துல இருக்கணும். என் எம்-1 புக் நாலு வருஷப் படிப்புல உருப்படியா உதவினது இதுக்குத்தான்.

அண்ணா நிலையம்: நடை

ஃபோன் எப்படி ஸ்டெப் எண்ணுது தெரியுமா? உள்ள அக்சிலரோமீட்டர்னு ஒரு குட்டி சென்சார் இருக்கு. மூணு திசையிலயும் வர்ற அசைவை அளந்து, ஒரே தாளத்துல வர்ற குலுக்கலை 'இது ஒரு அடி'ன்னு கணக்கு வச்சுக்கும். அதனாலதான் என் தம்பி ஃபோனைக் கையில வச்சு ஆட்டிக்கிட்டே உட்கார்ந்த இடத்துல ஆயிரம் ஸ்டெப் 'நடந்தான்'. நீங்க ஃபோனை மேஜையில வச்சிட்டு நிஜமாவே நடந்தா அதுக்குத் தெரியாது. மெஷினை ஏமாத்தலாம், முழங்காலை ஏமாத்த முடியாது.

10,000 ஸ்டெப் போகலையேன்னு ஃபீல் பண்றீங்களா? அந்த நம்பர் டாக்டர் சீட்டுல இருந்து வந்ததில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம் ஜப்பான்ல விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்'ங்கிற கருவியோட பேர்ல இருந்து பிரபலமானது. பேரோட அர்த்தமே 'பத்தாயிரம் அடி மீட்டர்'தான். சராசரி வயசு 72 இருந்த அமெரிக்கப் பெண்களை வச்சு 2019-ல வந்த ஆய்வுல, தினம் 4,400 அடி நடந்தவங்களுக்கே நல்ல பலன் தெரிஞ்சுது. நம்ம வயசுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது, வாரத்துக்கு 150 நிமிஷமாவது ஓரளவு வேகமான உடற்பயிற்சி. கேமரா ஆஃப்ல இருக்கிற கால் வந்தா இயர்போனை மாட்டிக்கிட்டு நடந்தே பேசுங்க. எங்க டீம் மீட்டிங் ஒண்ணுக்கு மொட்டை மாடியில 2,000 அடி தேறும்!

மாட்டுத்தாவணி: டெர்மினஸ்

இந்த ஸ்டாப்தான் முக்கியம். வீட்லயே ஆபீஸ்னா ஆபீஸ் முடியறதே இல்லை. பதினொரு மணிக்கு ஒரு மெசேஜ், 'ஒரே ஒரு பக்'னு ஆரம்பிச்சு ஒண்ணரை மணி. சின்ன வயசுதானேன்னு நினைக்காதீங்க. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது: வாரத்துக்கு 35-40 மணி நேரம் வேலை பார்க்கறவங்களைவிட, 55 மணி நேரத்துக்கு மேல பார்க்கறவங்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். அந்தப் பழக்கம் நம்ம வயசுலதான் ஆரம்பிக்குது.

என் மாட்டுத்தாவணி சாயங்காலம் ஏழு மணி. அலாரம் அடிச்சா லேப்டாப் பீரோவுக்குள்ள, ஃபோன் 'டூ நாட் டிஸ்டர்ப்'ல. நைட் மோட் போட்டு ஸ்கிரீனை மஞ்சளாக்கிட்டா விடிய விடியப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க. மஞ்சள்ல பார்த்தாலும் சண்டை சண்டைதான், தூக்கம் போனது போனதுதான்.

இன்னொண்ணு. மரத்துப் போறது, வலி எல்லாம் சில நாள்ல போகலைன்னா ஆப்ல தேடிக்கிட்டு உட்காராம டாக்டர்கிட்ட போங்க. என் விரல் சரியாக ஒரு மாசம் ஆச்சு. இப்போ டம்ளர் கையில ஸ்டெடியா நிக்குது.

போன வாரம் அப்பா அவர் ஃபோனை நீட்டினார். "எனக்கும் ஒரு அலாரம் வச்சுக் குடும்மா. பெரியார்ல டிரிப் முடிஞ்சா சீட்லயே டீ குடிச்சுப் பழகிட்டேன். எறங்கி நடக்கணும்." இத்தனை வருஷத்துல அவருக்கு யாரும் ஸ்டாப் சொன்னதே இல்லைன்னு அப்பதான் உறைச்சுது. வச்சுக் குடுத்தேன். அதுக்குப் பேர், 'எறங்குங்க அப்பா'.

சரி, இதைப் படிக்க ஆரம்பிச்சதுல இருந்து நீங்க அசையவே இல்லைதானே? ஸ்டாப் வந்தாச்சு பாஸ், எறங்குங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!